தொண்டோ வட்டாரத்து நடிகரும் எங்கள் பிரதேச சபையின் பின்சுவர் வாங்குகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் பிறந்து, வன்னியிலுள்ள பிரதேச சபை ஒன்றில் நெடுங்காலம் எழுதுவினைஞராக வேலை பார்த்து, இடப்பெயர்வுக் காலத்தில் சபையின் பதிவேடுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, 2024இல் இளைப்பாறியவன் நான். நடிகர்கள் அரசியலுக்கு வருவது சரியா பிழையா என்று எங்கள் ஊர்ச் சந்தியிலும் வாசிகசாலையிலும் இப்போது இளைஞர்கள் ஓயாமல் விவாதிக்கிறார்கள். 2024 பெப்ரவரியில் நடிகர் விஜய் கட்சி தொடங்கியதிலிருந்து அந்த விவாதம் எங்கள் பக்கத்திலும் சூடுபிடித்திருக்கிறது. அதில் எந்தப் பக்கமும் சாராமல், அந்த இளைஞர்கள் எவரும் இதுவரை எடுத்துப் பேசாத ஒரு நடிகரின் கதையைத் தங்கள் பத்திரிகை வாயிலாக அவர்கள் முன்னால் வைக்க விரும்புகிறேன். அவர் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகர் மணிலாவின் நகரபிதா இஸ்கோ மொரெனோ. அவருடைய அழகையோ புகழையோ பாட நான் வரவில்லை. அவர் பதினெட்டு ஆண்டுகள் ஒரே சபை மண்டபத்தில் இருந்து வேலை பழகினார் என்பதே, சபை வேலையில் தலை நரைத்த எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மணிலாவைப் பற்றி வன்னியில் இருக்கும் எனக்கு எப்படித் தெரியும் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எங்கள் தலைமுறை விவசாயிகளுக்கு ஐ.ஆர். எட்டு என்ற நெல்லினத்தால் பிலிப்பைன்ஸ் அறிமுகமானது. 1966இல் அதை வெளியிட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் மணிலாவுக்குத் தெற்கே லொஸ் பாஞோஸ் என்ற ஊரில் இருக்கிறது. இன்றைய தலைமுறைக்கு வளைகுடா நாடுகளின் தொழிலாளர் விடுதிகளால் அறிமுகமாகிறது. என் மகன் டோகாவில் வேலை செய்கிறான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர் மணிலாவின் தொண்டோ வட்டாரத்தைச் சேர்ந்தவர். 2025 மே 6ஆம் திகதி இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. ஆறு நாள் கழித்து, மே 12இல், பிலிப்பைன்ஸ் தேர்தல். அந்த வாரம் முழுவதும் இருவரும் தத்தம் ஊர்ச் செய்திகளைத் தொலைபேசியில் பார்த்தபடி இருந்தார்கள் என்று மகன் சொன்னான். வெளிநாட்டில் இருக்கும் இலங்கையருக்கு வாக்களிக்க வழியே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பினோக்களுக்கு வழி உண்டு, ஆனால் நாடு முழுவதற்குமான பதவிகளுக்கு மட்டுந்தான். நகரபிதாவைத் தெரிய அங்கிருந்து வாக்களிக்க முடியாது. ஆகவே, தங்கள் தெருவைக் கூட்டுவதற்கும் தங்கள் தாயின் வீட்டு வாசலில் தண்ணீர் நில்லாமல் பார்ப்பதற்கும் பொறுப்பான ஆளைத் தெரிகின்ற விடயத்தில் இருவரும் ஒரே நிலையில் இருந்தார்கள். அந்தத் தொண்டோக்காரர் என் மகனுக்குச் சொன்னதில் தொடங்கி, பிறகு நானே தேடி வாசித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இஸ்கோ மொரெனோவின் இயற்பெயர் பிரான்சிஸ்கோ டொமகோசோ. 1974 ஒக்ரோபர் 24இல் தொண்டோவில் பிறந்தார். மணிலா நகரம் ஏறக்குறைய 43 சதுர கிலோமீற்றர் பரப்புக்குள் 2020 குடிசனக் கணக்கெடுப்பின்படி 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வைத்திருக்கிறது. 2,600 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 92,000 பேரே இருந்தார்கள் என்பதை நினைத்தால் அந்த நெரிசல் விளங்கும். அந்த நெரிசலிலும் மிக நெருக்கமான, துறைமுகத்தை அண்டிய சேரிப்பகுதிதான் தொண்டோ. தகப்பனார் வடதுறைமுகத்தில் கப்பற் சரக்கு ஏற்றி இறக்கும் நாட்டாமை. மகன் பழைய பத்திரிகையும் வெறும் போத்தலும் பொறுக்கி விற்றார். சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டினார். உணவுச்சாலைகள் குப்பையில் எறிந்த மிச்ச இறைச்சியைத் தாய் மீண்டும் சமைத்துத் தர உண்டார். அப்படிப் பொறுக்கிச் சமைக்கும் உணவுக்கு அங்கே 'பக்பக்' என்று ஒரு பெயரே இருக்கிறது. தூசியைத் தட்டி உதறுவது என்பது அந்தச் சொல்லின் பொருளாம். பசிக்கென்று தனிச்சொல் உண்டாகும் அளவுக்குப் பசித்திருந்த சனத்தின் நிலை, 2009இல் கஞ்சிக்குக் கிடாரத்தின் முன்னால் வரிசையில் நின்ற எங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1993இல் அயலில் நடந்த ஒரு மரணவீட்டில் இருந்தபோது, புதுமுகங்களைத் தேடி அலைந்த ஒருவரின் கண்ணில் அவர் பட்டார். ஜேர்மன் மொரெனோ என்பவர் தொலைக்காட்சியில் இளைஞர்களை அறிமுகப்படுத்தி நடத்திய நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. இஸ்கோ மொரெனோ என்ற பெயரும் அங்கேதான் வந்தது. சில ஆண்டுகள் படங்களில் நடித்தார். அவற்றில் சில கவர்ச்சிப் படங்கள். திரையுலகில் அவர் முதல்வரிசை நட்சத்திரமாக வந்தவர் அல்லர். 1998இல், 23 வயதில், தொண்டோ அடங்கிய முதலாம் தொகுதியில் மாநகரசபை உறுப்பினர் பதவிக்குப் போட்டியிட்டு வென்றார்.

இந்த 1998ஆம் ஆண்டைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் கதாநாயகனாக நடித்த ஜோசப் எஸ்ட்ராடா பிலிப்பைன்ஸின் ஜனாதிபதியானது அதே ஆண்டில். புகழின் உச்சியில் இருந்த நடிகை வில்மா சாந்தோஸ் லிபா நகரத்தின் நகரபிதாவானதும் அதே ஆண்டில். ஒருவர் நாட்டின் உச்சிக்கும், ஒருவர் ஒரு நகரத்தின் தலைமைக்கும் போனபோது, மூன்றாமவர் மணிலா மாநகரசபையில் தெரிவான 36 உறுப்பினர்களில் ஒருவராகப் போய் இருந்தார். எஸ்ட்ராடாவும் 1969 முதல் 1986 வரை சான் ஜுவான் என்ற ஊரின் நகரபிதாவாக இருந்தே மேலே போனவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஜனாதிபதி மாளிகையில் அவரால் முழுத் தவணை இருக்க முடியவில்லை. 2001 ஜனவரியில் ஊழல் குற்றச்சாட்டின் பேரில் எழுந்த மக்கள் எதிர்ப்பில் பதவி இழந்தார். 2007இல் நீதிமன்றம் குற்றவாளியென்று தீர்ப்பளித்தது. பிறகு மன்னிப்பும் பெற்றார். உள்ளூர்ச் சபையில் இருந்து வந்தவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் வாதிடவில்லை.

மொரெனோவின் அந்தப் பதினெட்டு ஆண்டுகளைப் பற்றியே எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பிலிப்பைன்ஸின் 1987 அரசியலமைப்பின்படி உள்ளூராட்சிப் பதவியின் தவணை மூன்று ஆண்டு. ஒருவர் ஒரே பதவியில் தொடர்ந்து மூன்று தவணைக்கு மேல் இருக்க முடியாது. அவர் உறுப்பினராக மூன்று தவணை, 2007 வரை இருந்தார். பிறகு உபநகரபிதாவாக மூன்று தவணை, 2016 வரை. அங்கே நகரபிதாவையும் உபநகரபிதாவையும் மக்கள் தனித்தனி வாக்கால் தெரிகிறார்கள். மாநகரசபைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது உபநகரபிதாவின் கடமை. அதாவது ஒன்பது ஆண்டு உறுப்பினர் கதிரையில் இருந்து கேள்வி கேட்டவர், அடுத்த ஒன்பது ஆண்டு தலைமைக் கதிரையில் இருந்து மற்றவர்களுடைய கேள்வியைக் கேட்டார். பள்ளிப் படிப்போடு சபைக்கு வந்தவர், அப்போதைய உபநகரபிதா டானி லகுனாவின் வழிகாட்டலில் உள்ளூர்ச் சட்டவாக்கத்தையும் உள்ளூர் நிதியையும் பல்கலைக்கழகத்தில் முறையாகப் படித்தார். பாதீட்டின் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குக் காசு மாற்ற யாருடைய அனுமதி வேண்டும், ஒரு கேள்விப்பத்திரம் எத்தனை நாள் திறந்திருக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் கமரா சொல்லித்தராது. அதை மண்டபத்தில் இருந்துதான் படிக்க வேண்டும்.

இதை நான் ஊகித்து எழுதவில்லை. எங்கள் சபைக்கு 2018இல் முதன்முறையாக வந்த ஓர் இளம் உறுப்பினரை நினைத்துக்கொள்கிறேன். வட்டாரத்தில் நல்ல பெயர், உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவர், மேடையில் பேசினால் சனம் கைதட்டும். முதலாவது அமர்வுக்கு முன்பாக என் மேசைக்கு வந்து, சோலைவரி என்றால் என்ன, அதை நாங்கள் ஏன் எல்லா வீதியிலும் அறவிடுவதில்லை என்று மெதுவாகக் கேட்டார். அடுத்த மாதம் கூட்டறிக்கையின் பிரதியை வாங்கிப் போய், மறுநாள் பென்சிலால் கோடு கீறிக்கொண்டு வந்தார். இரண்டாம் ஆண்டு மாரிக்கு முன், எந்த மதகுக்கு எத்தனை அங்குலக் குழாய் போட்டால் வெள்ளம் வடியும், எது போட்டால் அடைக்கும் என்று தொழினுட்ப உத்தியோகத்தரோடு வாதாடினார், அந்த வாதத்தில் வென்றார். மூன்று ஆண்டில் ஓர் ஆளிடம் இவ்வளவு மாற்றத்தைக் கண்ட எனக்கு, பதினெட்டு ஆண்டுகளில் ஒரு நடிகரிடம் என்ன மாற்றம் வந்திருக்கும் என்று நம்புவது கடினமாக இல்லை.

2013இல் எஸ்ட்ராடா மணிலாவின் நகரபிதாப் பதவிக்கு வந்து நின்றபோது மொரெனோ அவருடன் சேர்ந்து உபநகரபிதாவுக்கு நின்றார்; இருவரும் வென்றார்கள். 2016இல் செனட் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். பின்னர் சில காலம் அரச நியமனப் பதவிகளில் இருந்தார். அதில் ஒன்று சமூகநலத் திணைக்களத்தின் உபசெயலாளர் பதவி. 2019 மே மாதத்தில் நகரபிதாப் பதவிக்கு நின்று, பதவியிலிருந்த எஸ்ட்ராடாவையும் முன்னாள் நகரபிதா அல்பிரெடோ லிம்மையும் ஒரே தேர்தலில் தோற்கடித்தார். அவருக்கு 357,000 இற்கும் மேற்பட்ட வாக்குகள். எஸ்ட்ராடாவுக்கு ஏறக்குறைய 210,000. இவர்கள் இருவரின் கீழும் அவர் உபநகரபிதாவாக இருந்தவர். ஒரு நடிகர் இன்னொரு நடிகரை வென்ற தேர்தல் அது. புகழை மட்டும் நிறுத்துப் பார்த்திருந்தால் எஸ்ட்ராடாவின் தட்டு தாழ்ந்திருக்கும்.

பதவியேற்ற முதல் வாரங்களில் அவர் கைவைத்த இடம் டிவிசோரியா. மணிலாவின் மலிவுச் சந்தை அது. கடைகளுக்கு வெளியே வீதி முழுவதும் தட்டிக்கடைகள் பரந்து, வாகனம் போக வழியில்லாமல் பல ஆண்டு கிடந்தது. அவற்றை அகற்றி வீதியைத் திறந்தார். தட்டிக்கடைகளை அப்படியே விட்டுவிடுவதற்கு நாளொன்றுக்கு 50 லட்சம் பெசோ தருவதாகத் தம்மிடம் பேரம் பேசப்பட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். தொண்டோவில் பிறந்த விடுதலை வீரர் அந்திரேஸ் பொனிபாசியோவின் நினைவிடம் மலசலக்கூடம்போல நாறிக் கிடப்பதைக் கண்டு, அருகிலிருந்த காவலரணின் பொலிஸாரை முழுவதுமாகப் பதவியிலிருந்து நீக்கச் செய்தார். இவை எல்லாவற்றையும் முகநூலில் நேரலையாகக் காட்டினார். நடிகர் என்பதால் கமராவை விடவில்லை என்று சிலர் குறை சொன்னார்கள். நான் அதைக் குறையாகக் காணவில்லை. கேள்விப்பத்திரம் திறக்கும்போதும் வீதி கூட்டும்போதும் கமரா இருந்தால் யாருக்கு நட்டம்?

ஆனால் அந்தத் தட்டிக்கடைகளின் காட்சியை நான் தொலைபேசியில் பார்த்தபோது என் மனம் டிவிசோரியாவில் நிற்கவில்லை. 2023இன் நடுப்பகுதியில் எங்கள் சந்தையடி வீதியோரத்தில் மரக்கறி விற்றவர்களை உள்ளே போகச் சொல்லும் அறிவித்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். கையெழுத்துச் செயலாளருடையது, கொடுத்த கை என்னுடையது. அங்கே ஓர் அம்மா, கணவரை இறுதிப் போரில் இழந்தவர், விடியற்காலையில் சைக்கிளில் வல்லாரையும் பொன்னாங்காணியும் கட்டி வந்து, ஈரச் சாக்கை விரித்து, பிடி பிடியாக அடுக்கி வைத்திருப்பார். உள்ளே இடம் எடுக்க முற்பணம் கட்ட வேண்டும், அவரிடம் இல்லை. நான் நீட்டிய கடதாசியை வாங்கி, வாசிக்காமல் மடித்து, காசு வைக்கும் சுருக்குப்பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஐயா, இப்ப எங்கட வட்டாரத்துக்கு மெம்பர் ஆர்? ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?" அந்த ஆண்டு மார்ச் மாதத்தோடு நாடு முழுவதும் உள்ளூராட்சி மன்றங்களின் ஆயுட்காலம் முடிந்துவிட்டது. மார்ச் 9இல் நடக்கவேண்டிய தேர்தலைக் காசில்லை என்று சொல்லிப் பிற்போட்டுவிட்டார்கள். அவருக்குச் சொல்ல என்னிடம் பெயர் ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு ஆண்டுக்கு மேலாக எங்கள் வட்டாரத்துக்கு உறுப்பினரே இருக்கவில்லை.

மணிலாவில் தட்டிக்கடைக்காரருக்கு நீதி முழுமையாகக் கிடைத்ததா என்றால், அதையும் நான் சொல்லமாட்டேன். ஒரு பகுதியினருக்குக் கோடு கீறி இடம் ஒதுக்கப்பட்டது. பலர் பிழைப்பை இழந்தார்கள். 2020இல் டிவிசோரியா பொதுச்சந்தை நிலத்தைத் தனியாருக்கு விற்க மாநகரசபை அனுமதித்தபோது சந்தை வியாபாரிகள் எதிர்த்தார்கள். 2022 தேர்தலில் அது அவரைப் பின்தொடர்ந்தது. பொதுக்காணி ஒருமுறை கைமாறினால் திரும்பாது என்பதைக் காணிப் பிரச்சினையோடு வாழும் வன்னி மக்களிடம் சொல்லத் தேவையில்லை. அந்த விற்பனையை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் பதவியை விட்டபோது நகரத்தின் மேல் ஆயிரம் கோடி பெசோவைத் தாண்டிய வங்கிக்கடன் இருந்தது. வைத்தியசாலையும், சேரிச் சனத்துக்கான மாடிவீடுகளும், மிருகக்காட்சிச்சாலைத் திருத்தமும் அந்தக் கடனால் நடந்தவை என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். தொண்டோவில் எழுந்த அந்த மாடிவீட்டுக்குத் 'தொண்டோமினியம்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே குடியேறிய குடும்பங்களுக்கு அது பெரிய காரியந்தான். இன்னொன்று: 2016 செனட் தேர்தலுக்கு நன்கொடையாக வந்த காசில் மிஞ்சிய ஐந்து கோடி பெசோவுக்கு வரி கட்டிவிட்டுத் தாமே வைத்துக்கொண்டதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். சட்டத்துக்கு உட்பட்டது என்றார். சட்டத்துக்கு உட்பட்டிருக்கலாம், ஆனால் சபைக் கணக்கேடு எழுதிய என் மனம் அதற்கு ஒப்பவில்லை.

கொரோனாக் காலத்தில், 2021 ஓகஸ்டில், அப்போதைய ஜனாதிபதி டுடேர்ட்டே தொலைக்காட்சியில் பேசியபோது, பெயரைச் சொல்லாமல், உள்ளாடையோடு படம் எடுத்துக்கொண்ட நகரபிதா என்று ஒருவரைக் கேலி செய்தார். எவரைச் சொன்னார் என்பது எல்லோருக்கும் விளங்கியது. தன் நகரத்துக்குத் தடுப்பூசியும் மருந்தும் தேடி ஓடிக்கொண்டிருந்த ஒருவரை அவருடைய இளவயதுப் படத்தைக் காட்டி அடிப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. எங்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. முள்ளியவளையில் கோவலன் கூத்து விடிய விடிய ஆடியவர்களை இரவில் தலையில் வைத்துக் கொண்டாடிவிட்டு, அவர்களில் ஒருவர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கருத்துச் சொன்னால் "கூத்தாடிக்கு இங்கே என்ன கதை" என்று இருக்கச் சொன்ன பெரியவர்களை என் சிறுவயதில் நான் கண்டிருக்கிறேன். வேடத்தைக் கழற்றிய பிறகும் ஒருவனை வேடத்தால் மட்டும் அளப்பது பெரும் தவறு. வேடத்தைப் பார்த்து வாக்களிப்பதும் அதே அளவு தவறு.

2022இல் அவர் ஜனாதிபதித் தேர்தலில் நின்று, ஏறக்குறைய 19 லட்சம் வாக்குகளோடு நான்காம் இடத்துக்கு வந்தார். குத்துச்சண்டை வீரர் பக்கியாவ் அவருக்கு ஓரிடம் முன்னால். நாடு முழுவதும் தெரிந்த முகமாக இருந்தும் தன் நகரத்துக்கு வெளியே அந்த முகத்தால் பெரிதாக வாக்குச் சேர்க்க முடியவில்லை. அவருக்குப் பின் ஹனி லகுனா மணிலாவின் முதலாவது பெண் நகரபிதாவானார். அவர் ஒரு மருத்துவர், மொரெனோவுக்கு வழிகாட்டிய டானி லகுனாவின் மகள், மொரெனோவின் கீழ் உபநகரபிதாவாக இருந்தவர். தொலைக்காட்சிக்குத் திரும்பிய மொரெனோ, மூன்று ஆண்டு கழித்து 2025 மே 12இல் அதே லகுனாவை எதிர்த்து நின்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்று வென்றார். அரசியல் நன்றியுணர்வை எவ்வளவு வேகமாகத் தின்றுவிடுகிறது என்று எண்ணி அந்த இடத்தில் எனக்கு வருத்தம் வந்தது. அதே தேர்தலில், நடிகரான அவருடைய மகன், தகப்பன் 1998இல் நின்ற அதே முதலாம் தொகுதியில் மாநகரசபை உறுப்பினராக வந்தார். தவணைக்கு எல்லை வைத்த சட்டம் குடும்பத்துக்கு எல்லை வைக்கவில்லை; பிலிப்பைன்ஸ் நகரங்களில் பெரும்பாலானவற்றின் நோய் இது. இரண்டாம் முறை நகரபிதாவாகக் கடமை தொடங்கியவுடன், யூலை தொடக்கத்தில், தெருக்களில் அள்ளப்படாமல் குவிந்த குப்பைக்காகச் சுகாதார அவசரநிலையை அறிவித்தார். ஜனாதிபதிக் கனவு கண்டவரின் மேசையில் முதலில் வந்து விழுந்தது குப்பை. உள்ளூராட்சி வேலை என்பது அதுதான். அதைச் செய்யத் திரும்பி வந்தார் என்பதை நான் மதிக்கிறேன்.

எங்கள் பக்கத்து நடிகர்களை எடுத்துக்கொண்டால் பாதை வேறு. நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். ஆனால் அதற்கு முன் நெடுங்காலம் கட்சிக்குள் உழைத்து, சட்டமன்றத்திலும் இருந்தவர். சிங்களத் திரையின் காமினி பொன்சேகா நாடாளுமன்றத்தில் பிரதிச் சபாநாயகராக இருந்து, 1995 முதல் வடக்கு கிழக்கு மாகாணத்தின் ஆளுநராகவே இருந்திருக்கிறார். போரின் நடுவில் எங்கள் மாகாணத்துக்கு ஒரு நடிகர் ஆளுநராக இருந்தார் என்று சொன்னால் இன்றைய இளைஞர்கள் வியக்கிறார்கள். இவர்கள் எவரும் வாய்க்காலும் வீதிவிளக்கும் சந்தைக் குத்தகையும் பேசும் ஊர்ச் சபையிலிருந்து தொடங்கவில்லை. எங்கள் மக்களும் அப்படித் தொடங்க வேண்டுமென்று எவரையும் கேட்டதில்லை. அரசியலில் நாட்டமுள்ள இளைஞர் ஒருவரைப் பிரதேச சபைக்கு நில் என்றால், அதில் என்ன இருக்கிறது என்கிறார். நிற்பவர்களில் பலர் அதை மாகாணசபைக்கோ நாடாளுமன்றத்துக்கோ போகும் பேருந்துத் தரிப்பிடமாக நினைக்கிறார்கள். வடமாகாணசபைக்கு 2013இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு தேர்தலே இல்லை. 2018இல் அதன் ஆயுள் முடிந்து இன்றுவரை அது வெறுமையாகக் கிடக்கிறது. அந்தப் பேருந்து வராத தரிப்பிடத்தில் காத்திருப்பவர்கள் நின்ற இடத்து வேலையைச் செய்யாமல் வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

எங்கள் தவிசாளருக்கு மணிலா நகரபிதாவின் அதிகாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதை நான் அறிவேன். பொலிஸை அவரால் ஏவ முடியாது. வருமானம் சொற்பம்; சம்பளத்துக்கு மாகாணத்தைப் பார்க்க வேண்டும்; வீதியில் பாதி சபைக்குச் சொந்தமில்லை; காட்டோரக் கிராமத்தில் குப்பைமேடு அமைக்க இடம் கேட்டால் வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தவிசாளரைத் தெரிவதில் மக்களுக்கு நேரடி வாக்கும் இல்லை. அப்படியிருந்தும் ஒரு வட்டாரத்தின் உறுப்பினர் செய்யக்கூடியவை எத்தனையோ உண்டு. அந்த மரக்கறி அம்மாவின் முற்பணத்தைத் தவணையாகக் கட்ட அனுமதிக்கும் ஒரே வாக்கியத் தீர்மானம் ஒன்றை முன்மொழிந்து வழிமொழிய இரண்டு உறுப்பினர் போதும். அந்த இரண்டு பேர் அன்று இல்லை. தேர்தலைப் பிற்போட்டது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர்நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தபோது, நான் முதலில் நினைத்தது அவருடைய சுருக்குப்பைக்குள் மடிந்திருந்த கடதாசியைத்தான்.

இப்போது 2025 மே தேர்தலால் சபைகள் மீண்டும் கூடுகின்றன. எங்கள் சபைக்கும் புதிய உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். பெண்களும் இருக்கிறார்கள், முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் இருக்கிறார்கள். மணிலாவின் பத்திரிகைகள் அந்த நடிகரை அவர் நகரபிதாவான நாளில் கண்டுபிடிக்கவில்லை; உறுப்பினராக இருந்த காலத்திலிருந்தே எழுதிவந்தன; அதனால் அவருடைய நல்லதும் கெட்டதும் வாக்காளருக்குத் தெரிந்திருந்தன. வன்னியின் சபை அமர்வுகளைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் செய்தி வருவது எப்போது? உறுப்பினர்கள் கைகலந்தால் வருகிறது. எவராவது வெளிநடப்புச் செய்தால் வருகிறது. தவிசாளர் மாறினால் வருகிறது. பாதீட்டில் நூலகத்துக்கு எவ்வளவு, மதகுக்கு எவ்வளவு, யார் ஏன் எதிர்த்தார் என்று எழுதிய செய்தியை என் சேவைக்காலத்தில் நான் விரல்விட்டு எண்ணலாம். கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி, கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு, வவுனியா வடக்கு என்று வன்னியில் சபைகள் பல இருக்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை, ஒரு சபைக்கு அரைப்பத்தி என்று தாங்கள் ஒதுக்கினால், எந்த உறுப்பினர் கூட்டறிக்கையை வாசித்துவிட்டு வருகிறார், எவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீரோடு போகிறார் என்பது ஊருக்குத் தெரியவரும். நாளைக்கு ஒரு நடிகரோ பாடகரோ விளையாட்டு வீரரோ எங்கள் வட்டாரத்தில் நின்றாலும், அவரை அளப்பதற்கு எங்களிடம் ஓர் அளவுகோல் இருக்கும்.

எங்கள் சபை மண்டபத்தின் பின்சுவரோரம் பொதுமக்களுக்கென்று இரண்டு வாங்குகள் போட்டிருக்கிறார்கள். நான் வேலையில் இருந்த காலம் முழுவதும் அவற்றின் மேல் பழைய கோவைகளையும் உடைந்த மின்விசிறி ஒன்றையுந்தான் வைத்திருந்தோம். அப்படி வைத்தவர்களில் நானும் ஒருவன். கடந்த வாரம் செயலாளரிடம் கேட்டு, கோவைகளை அலுமாரிக்கு மாற்றி, வாங்கைத் துடைத்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதாந்த அமர்வுக்கு அந்த மரக்கறி அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தங்கள் பிரதேசச் செய்தியாளரையும் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடம் இருக்கிறது.

இங்ஙனம்,
இளைப்பாறிய உள்ளூராட்சி உத்தியோகத்தர்,
முல்லைத்தீவு மாவட்டம்.